பிக்கப்பை வீடாக்கும் முன்

பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, பின்தொட்டியில் கூடு கட்டி, உள்ளே படுக்கையும் சமையல் மேடையும் வைத்து, கூரையில் சோலார் தகடு பதித்து ஊர் சுற்றக் கிளம்பிவிட வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அதைத் தொடங்கும் வரிசைதான் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. முதலில் வண்டி, அடுத்து பட்டறை, பிறகு ஃபிரிட்ஜ், பேட்டரி, மெத்தை. ஆர்.சி., இன்சூரன்ஸ் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதையும் ஓனர் கேட்பதில்லை. செக்போஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கிறார், இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கிறார். அந்த நேரத்தில் கையில் எழுத்து எதுவும் இல்லையென்றால், லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வண்டி உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவிலிருந்து தொடங்குவோம். வண்டியை உற்பத்தி செய்தவர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு ஆர்.சி.யில் உள்ளவை முரணாகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே வாசித்தது. சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற மாதிரி வண்டி எப்படி இருந்ததோ, சாலையில் ஓடும் வண்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நிறம் மாற்றுவது போன்ற, அடிப்படை விவரங்களைத் தொடாத மாற்றங்கள் இதில் சிக்காது. அதே ஆண்டு சட்டத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதம் வண்டிக்கு ஒன்று அல்ல, மாற்றத்துக்கு ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

'எல்லாரும் செய்கிறார்கள், யாரும் பிடிப்பதில்லை' என்று பட்டறைக்காரர் சொல்லலாம். வண்டி நன்றாக ஓடும்வரை அது உண்மையாகக்கூட இருக்கும். பிடிபடுவதா இல்லையா என்பது எனக்கு இரண்டாவது கவலை. ஒரு நாள் விபத்து நடந்து, ஒருவர் காயப்பட்டு, வழக்கு என்று வந்துவிட்டால் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதுதான் முதல் கவலை.

சட்டத்துக்குள் நின்று போக இரண்டு பாதைகள் இருக்கின்றன. முதல் பாதை, கேம்பர் வேனாகவே பதிவு செய்வது. ஆர்.சி.யில் 'கேம்பர் வேன்' என்றே தனி வகை உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று. கேரவன் வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி கட்டிய வண்டியைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், நம் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்கள் பரிசோதித்துச் சான்று தருகின்றன. தனி ஒருவர் தன் ஒரே வண்டிக்காக இந்தச் சான்று வாங்குவது கட்டுப்படியாகாது. ஏற்கெனவே சான்று வைத்திருக்கும் பாடி பில்டரிடம் போவதே வழி. சான்று இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, அதன் நகலைக் கேளுங்கள். உங்கள் வண்டியின் மாடலும் வீல்பேஸும் அந்தச் சான்றில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாடலுக்கு வாங்கிய சான்று உங்கள் வண்டிக்கு உதவாது.

இரண்டாவது பாதை, வண்டியின் உடம்பைத் தொடாமல் இருப்பது. இழுப்பறைப் பெட்டிகள், மடக்குப் படுக்கை, கேரியரில் விரிக்கும் கூடாரம், தூக்கி வைத்து எடுக்கக்கூடிய ஃபிரிட்ஜ், கையடக்கப் பவர் பேக் எல்லாமே இறக்கிவைக்கக்கூடிய சாமான்கள். சேஸியில் வெல்டிங் வைப்பது, கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள தகட்டை அறுப்பது, சீட்டைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது ஆகியவை மாற்றங்கள். சாமானுக்கும் மாற்றத்துக்கும் இடையில் எங்கே கோடு என்பது பல நேரம் பார்க்கும் அதிகாரியின் கையில் இருக்கிறது. அதனால் முழுக்கூட்டையும் தொட்டியில் இறக்கிப் பூட்ட நினைப்பவர், வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் விளக்கம் கேட்டு, மனு கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்தப் பாதையைத்தான், அதுவும் பெட்டி, கூடாரம் என்ற அளவில். விற்க நினைத்தாலும் வண்டி வண்டியாகவே இருக்கும்.

வாங்கும்போது போர்டையும் பாருங்கள். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை வெள்ளை போர்டில் சொந்த வண்டியாகப் பதிவாகின்றன. பொலேரோ கேம்பர் சரக்கு வண்டி. பெயரில் கேம்பர் இருப்பதால் அது கேம்பர் வேன் ஆகிவிடாது. மஞ்சள் போர்டு, எஃப்.சி. எல்லாம் அதற்கு உண்டு. அதேபோல, சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியை வார இறுதியில் வாடகைக்கு விட்டுக் கொஞ்சம் பணம் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 192ஏ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு.

அடுத்து எடை. ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும், காலி வண்டியின் எடை ஒன்று, பாரத்தோடு அனுமதிக்கப்பட்ட எடை ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மொத்தச் சொத்து. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். காலி எடை 1,950 கிலோ, அனுமதி 2,500 கிலோ என்றால் மிச்சம் 550. இரண்டு பேர் 140 கிலோ. 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. அலுமினியக் கூடு, படுக்கை, பெட்டிகள் சேர்த்து 220. கூரைக் கூடாரம் 60. ஃபிரிட்ஜ் 20. பேட்டரியும் இன்வெர்ட்டரும் 25. கூடுதல் டயர், ஜாக்கி, டூல்ஸ் 40. துணிமணி, அரிசி பருப்பு, பாத்திரம் 50. கூட்டிப் பாருங்கள், 635. எந்த ஆடம்பரமும் இல்லாமலே 85 கிலோ கூடிவிட்டது. பிளைவுட்டில் கட்டினால் இன்னும் ஏறும். வேலை முடிந்ததும் வண்டியை முழுச் சாமானோடும் ஆட்களோடும் எடை மேடையில் ஏற்றுங்கள். முதலில் முழு வண்டியை, பிறகு முன் அச்சை மட்டும், பின் அச்சை மட்டும். பின் அச்சுக்கும் பின்னால் பாரம் தொங்கினால் முன்சக்கரத்தின் பிடி குறையும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் சூடேறுவதும் இந்தக் கூடுதல் எடையால்தான். தண்ணீர்த் தொட்டியைக் கேபினை ஒட்டித் தாழ்வாக வையுங்கள்.

ஓடும் வண்டியில் பின்னால் யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது. குழந்தை தூங்கிவிட்டதே என்று படுக்கையில் கிடத்திவிட்டு ஓட்டுவது பாசத்தில் செய்கிற காரியமாக இருந்தாலும் பெரிய ஆபத்து. சீட்டும் பெல்ட்டும் இல்லாத இடத்தில் இருப்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் மெலிந்துவிடுகிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது அந்தத் தொகை உரிமையாளர் தலையில் விழும்.

என்னை மிகவும் கலங்க வைக்கும் விஷயம் நெருப்பும் காற்றும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த லக்னோ சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த காஸ் சிலிண்டரில் டீ போட முயன்றதில் நடந்தது அது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. உறங்கும் இடமும் எரியும் பொருளும் ஒரே சின்னக் கூட்டுக்குள் இருந்ததுதான் இரண்டிலும் நடந்தது. நீங்கள் கட்டப்போவதும் அப்படி ஒரு கூடுதான்.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சிலிண்டர் இருக்கும் இடத்தில், தரை மட்டத்தில், வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்கானது, வண்டிக்கானது அல்ல. கடைகளில் தனியாகக் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி எடுத்துப்போய், வெளியே இறக்கிவைத்து, திறந்த வெளியில் சமைப்பதே நல்லது. காஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும்படி அதில் வாசனை சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஆகவே படுக்கைக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் கட்டாயம். ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓடவிட்டு உள்ளே தூங்குவதும், குளிருக்கு அடுப்புக்கரியை உள்ளே வைப்பதும் ஒருபோதும் வேண்டாம். கதவைத் தவிர ஆள் வெளியேறக்கூடிய இன்னொரு வழியும், கதவோரம் கைக்கு எட்டும்படி தீயணைப்பானும் இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். 12 வோல்ட்டில் ஓடும் இன்வெர்ட்டரில் 1,000 வாட் கெட்டிலைப் போட்டால் பேட்டரி வயரில் 83 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹாரனுக்குப் போடும் மெல்லிய வயரில் இதை இழுத்தால் மேலுறை உருகிவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது ஷார்ட் ஆனால் வயரைக் காப்பாற்ற. வண்டியின் சொந்த வயரிங்கை அறுத்து ஒட்டுப்போட விடாதீர்கள். தீப்பிடித்தால் வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்குக் கிடைக்கும் முதல் காரணம் அந்த ஒட்டுதான்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். எந்த வேலை செய்வதாக இருந்தாலும் தொடங்கும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்னென்ன பொருத்தப்போகிறோம், அவற்றின் விலை என்ன என்று எழுதி, பாலிசியில் அவற்றைச் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். ஏஜென்ட் போனில் 'பரவாயில்லை சார்' என்று சொன்னது கணக்கில் வராது. சொல்லாமல் விட்டு, பிறகு கிளெய்ம் மறுக்கப்பட்டாலும் கைவிட்டுவிடாதீர்கள். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட வழக்கிலும் முழுவதுமாக மறுக்காமல், ஏற்கத்தக்க தொகையில் ஒரு பங்கைக் கொடுக்கலாம் என்ற வழியை அமலேந்து சாஹு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது. அது உரிமையாக எப்போதும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வாதிட ஒரு பிடி கிடைக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகம் பதிவை நிறுத்திவைப்பதாக நோட்டீஸ் கொடுத்தால் பதறாமல் பதில் எழுதுங்கள். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தராமல் அப்படி உத்தரவிட முடியாது. உத்தரவு வந்துவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. சாலையில் சலான் போட்டால் அதை ஏற்க மறுத்து நீதிமன்றத்தில் எதிர்க்கவும் உரிமை இருக்கிறது.

கடைசியாகப் பட்டறை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தம் எழுதுங்கள், வெள்ளைத்தாளில் என்றாலும் இருவர் கையெழுத்தோடு. என்ன பொருள், எந்த கனத்தில் தகடு, எத்தனை கிலோவுக்குள், எந்தத் தேதிக்குள், எத்தனை தவணையில் பணம். சட்டப்படி அனுமதி வாங்கித் தருவது யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். வேலை முடிவதற்கு முன் முழுப்பணமும் கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்பார்கள். அந்தக் குறைவுக்கு நீங்கள் விற்பது உங்கள் வழக்கு போடும் வலிமையை. கூரை ஒழுகினாலோ, வெல்டிங் விட்டுப்போனாலோ, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு இழுத்தடித்தாலோ, நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்கு அங்கேதான். 5 லட்சம் வரை நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. பட்டறை கரூரில் இருந்தாலும் கோவையில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம். மனுவோடு ஒப்பந்தம், பில், வாட்ஸ்அப் உரையாடல், எடை மேடைச் சீட்டு, மேலே பலகை அடித்து மூடுவதற்கு முன் வயரிங்கையும் வெல்டிங்கையும் எடுத்த படங்கள் ஆகியவற்றைச் சேருங்கள். அந்தப் படங்களை வேலை நடக்கும்போதே எடுக்க வேண்டும், பலகை அடித்த பிறகு எடுக்க முடியாது.