தேவாரப் பண்ணிசை வகுப்பு

தேவாரப் பண்ணிசை வகுப்பு என்பது சைவத் திருமுறைப் பாடல்களை அவற்றுக்குரிய பண்ணோடும் தாளத்தோடும் பொதுமக்கள் குழுவாக அமர்ந்து கற்கும் பயிற்சி முறையாகும். கோயில் மண்டபம், மடம், பள்ளிக்கூடம், திருமணக் கூடம் என வசதிப்பட்ட இடத்தில் வாரம் ஒரு நாள் இது நடைபெறும். கோடை விடுமுறையில் சில நாள்கள் தொடர்ந்து நடக்கும் பயிலரங்குகளும் உண்டு. பெரும்பாலான வகுப்புகளில் கட்டணம் வாங்குவதில்லை. ஆண், பெண், சிறுவர், முதியோர் என யாரும் சேரலாம். முன்னரே இசைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இவ்வகுப்புகளின் தேவையை ஒரு செய்தியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தேவாரத்தின் சொற்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்து பாதுகாப்பாக உள்ளன. ஆனால் அதன் இசைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய ஏடுகளில் பதிகத்தின் தலைப்பில் பண்ணின் பெயர் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும்; சுரக்குறிப்பு இராது. பாடும் முறை ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு என்றே வந்து சேர்ந்துள்ளது. கேட்டுக் கற்பவர் இல்லாவிட்டால் நூல் இருக்கும், பண் இராது.

தேவாரமும் பண்ணும்

பன்னிரு திருமுறைகளுள் முதல் ஏழு திருமுறைகள் தேவாரம் எனப்படும். இவற்றுள் 1 முதல் 3 வரை திருஞானசம்பந்தரும், 4 முதல் 6 வரை திருநாவுக்கரசரும், 7-ஆம் திருமுறையைச் சுந்தரரும் பாடினர். ஏறத்தாழ 800 பதிகங்களில் 8,200-க்கும் மேற்பட்ட பாடல்கள் இன்று கிடைக்கின்றன. தேவாரத்தில் அமைந்த பண்களின் எண்ணிக்கையை 23 என்றும் 24 என்றும் கணக்கிடுவர்.

பண்களைப் பாடும் பொழுதை வைத்துப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என மூன்றாகப் பிரிப்பது மரபு. புறநீர்மை, காந்தாரம், கௌசிகம் முதலியவை பகற்பண்கள். தக்கராகம், சீகாமரம், மேகராகக்குறிஞ்சி முதலியவை இராப்பண்கள். செவ்வழி, செந்துருத்தி ஆகியவை எப்பொழுதும் பாடத்தக்க பொதுப்பண்கள்.

வரலாற்றுப் பின்னணி

மறைந்து கிடந்த தேவார ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. நம்பியாண்டார் நம்பி பாடல்களைத் தொகுத்த பின்னர், அவற்றுக்குரிய பண் தெரியாமல் போயிற்று. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் முறை வகுக்கப்பட்டது என்பது அந்நூல் தரும் செய்தி. சம்பந்தரோடு தலந்தோறும் சென்று யாழ் வாசித்தவர் அந்த யாழ்ப்பாணர். ஏடு கிடைத்த பிறகும் இசைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, திருப்பதியம் பாட 48 பிடாரர்களும், உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரும் ஆக 50 பேர் நியமிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கப்பட்டது. இவர்களுள் ஒருவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ அவருடைய உறவினர் அவ்விடத்துக்கு வரலாம். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு பாடச் செய்ய வேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. பரம்பரை உரிமை இருந்தாலும் பாடும் தகுதி கட்டாயம் என்ற கருத்து அன்றே இருந்தது.

பிற்காலத்தில் இப்பணியைச் செய்தவர்கள் ஓதுவார் எனப்பட்டனர். தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் போன்ற சைவ மடங்கள் ஓதுவார்களை உருவாக்கின. மாணவர் மடத்திலேயே தங்கிப் பல ஆண்டுகள் பயின்றனர். இந்து சமய அறநிலையத் துறையும் சில பெரிய கோயில்களின் சார்பில் ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது.

20-ஆம் நூற்றாண்டில் தமிழிசை இயக்கம் தேவாரப் பண்ணைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுவந்தது. 1943-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி, ஓதுவார்களையும் இசை அறிஞர்களையும் ஓரிடத்தில் அமர்த்திப் பாடவும் விவாதிக்கவும் வழி செய்தது. குடந்தை ப. சுந்தரேசனார் (1914–1981) ஊர் ஊராகச் சென்று பண்களைப் பாடிக் காட்டி விளக்கினார். பாடலும் விளக்கமும் கலந்த அவருடைய தொடர் சொற்பொழிவுகள் இன்றைய பொது வகுப்புகளுக்கு ஒரு முன்மாதிரி எனலாம்.

வகுப்பு நடைபெறும் முறை

வகுப்பு இடத்துக்கு இடம் மாறுபட்டாலும் அதன் பொதுவான அமைப்பு ஒன்றாகவே இருக்கும். தொடக்கத்தில் அனைவரும் "திருச்சிற்றம்பலம்" என்று கூறுவர். பிறகு சில நிமிடங்கள் கண்மூடி அமைதியாக அமர்ந்து, மூச்சைச் சீராக்கி, ஐந்தெழுத்தை மனத்துக்குள் ஓதுவது பல வகுப்புகளில் வழக்கம். அமைதியாக அமர்ந்த பிறகே சுருதிப் பெட்டியின் ஒலியோடு குரலைச் சேர்ப்பது எளிதாகிறது. இந்தச் சிறு தியானம் வழிபாட்டுக்கும் இசைக்கும் ஒருசேரப் பயன்படுகிறது.

அடுத்து ஆசிரியர் பாடலைப் படித்துச் சொல் பிரித்துப் பொருள் கூறுவார். பிறகு ஓர் அடியைப் பாடுவார். மாணவர் திருப்பிப் பாடுவர். அடி படிந்த பின்னரே அடுத்த அடி. ஒரு வகுப்பில் இரண்டு பாடல்கள் முடிந்தால் அது நல்ல வேகம்.

சொல் பிரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. புதிதாகக் கற்பவர் சந்தி பிரித்து அச்சிட்ட நூலை விரும்புவர். பொருள் விளங்க அது உதவும். ஆனால் சந்தி பிரிந்தால் அசைகளின் அளவு மாறி, தாளத்தில் பாடல் உட்காராது. எனவே பொருளுக்குப் பிரித்த பாடத்தையும், பாடுவதற்குப் பிரிக்காத பாடத்தையும் கையாள்வது நல்ல ஆசிரியர்களின் முறை.

தாளமில்லாமல் விரித்துப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும், தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும் ஓதுவார் மரபு குறிக்கும். நாவுக்கரசரின் திருத்தாண்டகம் சுத்தாங்கமாகப் பாடப்படுவது. குழுவில் சேர்ந்து பாடப் பண்ணாங்கம் எளிது; கையால் தாளம் போட்டால் எல்லோரும் ஒன்றாகச் செல்வர். சுத்தாங்கத்துக்குத் தனிக்குரல் பயிற்சி வேண்டும்.

பாடத்தின் படிநிலைகள்

முதல் இலக்கு பெரும்பாலும் பஞ்சபுராணம் பாடுவதாகும். கோயிலில் பூசையின் நிறைவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல் பாடுவதே பஞ்சபுராணம் ஆகும். ஐந்து பாடல்கள் தெரிந்தால் ஒருவர் எந்தச் சிவன் கோயிலிலும் நின்று பாடலாம் என்பதால், இது கற்பவருக்குத் துணிவைத் தருகிறது.

அடுத்த நிலையில் முழுப் பதிகங்கள் கற்பிக்கப்படும். சம்பந்தர் பதிகங்களின் அமைப்பே மனப்பாடத்துக்குத் துணை செய்யும். பெரும்பாலான பதிகங்களில் 8-ஆம் பாடலில் இராவணன் செய்தி வரும். 9-ஆம் பாடலில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடியது வரும். 10-ஆம் பாடல் சமண பௌத்தரைப் பற்றியது. 11-ஆம் பாடல் பாடியவர் பெயரும் பாடுவதன் பயனும் கூறும் திருக்கடைக்காப்பு. இவ்வரிசை தெரிந்த சிறுவர் எந்தப் பாடலில் நிற்கிறோம் என்பதை எளிதில் அறிவர்.

10-ஆம் பாடல்களில் பிற சமயத்தாரைப் பற்றிய கடுஞ்சொற்கள் உள்ளன. அவற்றை விட்டுவிட்டுப் பாடினால் பதிகம் முழுமை பெறாது. விளக்காமல் பாடினால் சிறுவர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும். 7-ஆம் நூற்றாண்டில் சமயங்களுக்கிடையே நடந்த வாதத்தின் குரல் அது என்பதையும், அதே சமணரும் பௌத்தரும் தமிழுக்குக் காப்பியங்களும் இலக்கணங்களும் தந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே பொருத்தமானது.

பண்களும் இணையான இராகங்களும்

பண்களை இன்றைய கருநாடக இசையின் இராகங்களோடு இணைத்துக் கற்பிப்பது எளிமைக்காகப் பின்பற்றப்படும் வழி. ஓதுவார் வழக்கில் உள்ள இணைகளுள் சில:

- நட்டபாடை – கம்பீரநாட்டை
- பழந்தக்கராகம் – சுத்தசாவேரி
- தக்கராகம் – காம்போதி
- தக்கேசி – காம்போதி
- காந்தாரம் – நவரோசு
- கொல்லி – நவரோசு
- கௌசிகம் – பைரவி
- பழம்பஞ்சுரம் – சங்கராபரணம்
- காந்தாரபஞ்சமம் – கேதாரகௌளை
- மேகராகக்குறிஞ்சி – நீலாம்பரி
- புறநீர்மை – பூபாளம்
- செந்துருத்தி – மத்தியமாவதி

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஓர் இழப்பு தெரியும். தக்கராகமும் தக்கேசியும் இரு வேறு பண்கள். இன்று இரண்டும் காம்போதியிலேயே பாடப்படுகின்றன. காந்தாரமும் கொல்லியும் நவரோசில் ஒன்றாகிவிட்டன. பெயர் வேறாக இருந்தபோது இசையும் ஏதோ ஒரு வகையில் வேறுபட்டிருக்க வேண்டும். அந்த வேறுபாட்டைக் காதால் அறிந்தவர் வரிசை எங்கோ அறுந்துள்ளது. சில பண்களுக்கு இணையான இராகம் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆகவே இந்த இணைகளை இன்றைய வழக்கு என்று கொள்ள வேண்டுமே தவிர, நாயன்மார் காலத்து இசை இதுவேதான் என்று முடிவு கட்டலாகாது.

சில பண்களோடு வழக்கங்களும் இணைந்துள்ளன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் கோயில்களில் மேகராகக்குறிஞ்சிப் பதிகங்களைப் பாடி வேண்டுவது அவற்றுள் ஒன்று.

முற்றோதல்

ஒரு நூலைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அமர்வில் அனைவரும் சேர்ந்து ஓதுவது முற்றோதல் எனப்படும். 51 பகுதிகளும் 658 பாடல்களும் கொண்ட திருவாசகத்தின் முற்றோதல் தமிழகக் கோயில்களில் பரவலாக நடைபெறுகிறது. காலையில் தொடங்கி மாலை வரை நீளும்; இடையில் அன்னம் பாலிக்கப்படும். வகுப்புக்கு வரத் தயங்குவோரும் முற்றோதலில் அமர்ந்து உடன் பாடுவதால், பலருக்கு இதுவே திருமுறைக்குள் நுழையும் வாயிலாக அமைகிறது. எனினும் முற்றோதலில் வேகம் முதன்மை பெறும். திருத்திச் சொல்லித்தர அங்கே நேரம் இராது. அது வகுப்புக்கு மாற்றாகாது.

கற்போரும் பரவலும்

கோயிலில் ஓதுவார் பணி நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. பொது வகுப்புகளில் இல்லத்தரசியர், பணி ஓய்வு பெற்றோர், பள்ளிச் சிறுவர் ஆகியோரே மிகுதி. பண் வகுத்தவர் ஒரு பெண் என்று புராணமே கூறும்போது, பெண்கள் பாடுவது புதுமையன்று. 2021-இல் தமிழக அரசு அறநிலையத் துறைக் கோயில்களில் செய்த நியமனங்களில் ஒரு பெண் ஓதுவாரும் இடம்பெற்றார்.

இலங்கையில் அறநெறிப் பாடசாலைகளும், பள்ளிகளில் சைவ சமயப் பாடமும் சிறுவர்க்குத் திருமுறையைக் கற்பிக்கின்றன. மலேசியாவில் மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழா சிறுவரைப் பாடத் தூண்டுகிறது. தமிழ் எழுத்து அறியாத புலம்பெயர் குழந்தைகள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவர். அவ்வெழுத்து ழகர, ளகர, லகர வேறுபாட்டைச் சரிவரக் காட்டாது. அவ்விடங்களில் பண்ணிசை வகுப்பு தமிழ் உச்சரிப்பு வகுப்பாகவும் ஆகிவிடுகிறது.

நடைமுறைச் சிக்கல்கள்

- பெருங்குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாடும்போது நுண்ணிய அசைவுகள் தேய்ந்து மெட்டு மட்டையாகிவிடும். தவறாகப் பாடுபவரின் குரலும் கூட்டத்தில் மறைந்துவிடும்.
- தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற பெரும் ஓதுவார்களின் ஒலிப்பதிவுகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. இவை பெருஞ்செல்வம். ஆனால் எல்லோரும் ஒரே பதிவை மட்டும் பின்பற்றினால் பிற மடங்களின், ஊர்களின் பாடும் முறைகள் மறையும்.
- போட்டிக்காக மட்டும் பயிலும் சிறுவர் ஒரு பாடலை நன்றாகப் பாடுவர். அதே பண்ணில் அடுத்த பாடலைத் தந்தால் திகைப்பர்.
- முறையாகப் பயின்ற ஓதுவார் கிடைக்காத ஊர்களில், கேட்டுப் பழகியவரே ஆசிரியர் ஆகிறார். பத்தி குறைவதில்லை, பண் சிறிது சிறிதாக விலகும்.

கற்கத் தொடங்குவோருக்கு

முதலில் சுருதியோடு சேர்ந்து நிற்கப் பழக வேண்டும். அடுத்து ஒரே பண்ணில் அமைந்த மூன்று நான்கு பதிகங்களைத் தொடர்ந்து கற்பது பல பண்களில் ஒவ்வொன்று கற்பதைவிடப் பயனுடையது. பண்ணின் உருவம் மனத்தில் பதியும். வாரந்தோறும் ஒரு பாடலையாவது ஆசிரியர் முன் தனியாகப் பாடித் திருத்திக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம். திருத்தம் நேரில் பெறுவதே நன்று.

ஊர்க்கோயிலில் மூத்த ஓதுவார் இருந்தால், அவர் இசைவோடு அவர் பாடுவதைப் பதிவு செய்து, பதிகத்தின் பெயர், பண், தலம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். கைப்பேசி உள்ள எந்த மாணவரும் செய்யக்கூடிய பணி இது. அந்தப் பதிவைக் கேட்டு ஒருவராவது பாடக் கற்றுக்கொள்ளும்போதுதான் அப்பணி நிறைவு பெறும்.