எண்ணிக்கை போதாது, உயரமும் வேண்டும்: வெள்ளத்தில் மூழ்கும் அசாம் பள்ளிகள்

புது தில்லி: அசாமில் பிரம்மபுத்திராவும் பராக் நதியும் கரைபுரளும்போது, தாழ்வான பகுதிகளில் உள்ள பள்ளிகள் நீரில் மூழ்குகின்றன. மேட்டில் உள்ளவை நிவாரண முகாம்களாகின்றன. இரண்டிலும் முதலில் பழுதாவது குடிநீர்க் குழாயும் கழிப்பறையும்தான்.

2022 ஜூனில் பராக் கரை உடைந்து சில்சார் நகரம் பல நாள்கள் வெள்ளத்தில் தத்தளித்தது. அவ்வாண்டு மாநிலத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பருவநிலை மாற்றத்தால் குறுகிய நேரத்தில் கொட்டும் பெருமழை அதிகரிக்கும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர்.

சட்டத்தில் குறையில்லை. பள்ளிகளில் பாதுகாப்பான குடிநீரும், மாணவர், மாணவியருக்குத் தனித்தனிக் கழிப்பறைகளும் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இவற்றை 6 மாதங்களில் அமைக்குமாறு 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014-15-இல் ஒரே ஆண்டில் 4.17 லட்சம் கழிப்பறைகள் கட்டப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

ஆனால், எத்தனை கட்டப்பட்டன என்று கணக்கிட்டால் மட்டும் போதாது. எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டன என்பதும் முக்கியம். அடிகுழாயின் மேடை மூழ்கினால் அசுத்த நீர் ஆழ்குழாய்க்குள் இறங்கும். கழிவுக்குழி நிரம்பினால் கழிவு வெள்ளத்தில் கலக்கும்.

வெள்ள மட்டத்துக்கு மேல் மேடை எழுப்புவதும், நீர் வடிந்ததும் குளோரின் இட்டு நீரைப் பரிசோதிப்பதும் எளிய தீர்வுகளே. முகாம் கலைந்தபின் பள்ளியைச் சுத்தம் செய்து ஒப்படைக்கும் பொறுப்பு கல்வித் துறைக்கா, பொதுச் சுகாதாரப் பொறியியல் துறைக்கா, வருவாய்த் துறைக்கா? மழைக்கு முன்பே இது முடிவாக வேண்டும். இல்லையெனில், கழிப்பறை இல்லாத பள்ளிக்குத் திரும்பத் தயங்கும் மாணவியரே அதன் விலையைக் கொடுக்க நேரிடும்.