‘கிவ் அப்’: ஒரு வினையும் அதன் பல பொருள்களும்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் ஆங்கில வினை ஒன்றைப் பற்றி எழுதுவதேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நான் விட்ட பிழையொன்றே காரணம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் படித்த மாணவி ஒருத்தி, வாப்பா மௌத்தானதன் பின் ஒரு வருடம் வகுப்புக்கு வரவில்லை. உம்மாவோடு சேர்ந்து இடியப்பம் அவித்து விற்றாள். பிறகு திரும்பி வந்து சாதாரண தரப் பரீட்சை எழுதி நன்றாகச் சித்தியடைந்தாள். உயர்தரம் படிக்க உதவி கேட்டு நிதியமொன்றுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, பார்த்துத் தருமாறு என்னிடம் தந்தாள். ‘ஐ கேவ் அப் ஸ்கூல்’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். ஏதோ குறைகிறதே என்று எண்ணி, நடுவில் ஓர் ‘ஒன்’ சேர்த்துக் கொடுத்தேன்: ‘ஐ கேவ் அப் ஒன் ஸ்கூல்’.

நேர்முகப் பரீட்சையில், “படிப்பில் நம்பிக்கை இழந்த உங்களுக்கு ஏன் உதவ வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார்கள். உதவி கிடைக்கவில்லை. வந்து சொன்னாள்: “சேர், நான் ஸ்கூல வெறுத்து விடல்ல. விட வேண்டி வந்திச்சி. அது அவங்களுக்கு வெளங்கல்ல.”

அன்றிரவுதான் அகராதியை எடுத்து ‘கிவ் அப்’ என்பதை ஒழுங்காகப் படித்தேன்.

ஒரு வினையோடு ‘அப்’, ‘ஓஃப்’, ‘இன்’ போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்பர். 1755 இல் வெளிவந்த தமது அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜோன்சன், இத்தகைய வினைகள் அந்நியருக்கு மிகுந்த சிரமம் தருவன என்று குறிப்பிட்டிருக்கிறார். ‘கிவ்’ என்றால் கொடு; ‘அப்’ என்றால் மேலே. இரண்டையும் கூட்டினால் ‘விட்டுவிடு’ எப்படி வரும்? இங்கே ‘அப்’ திசையைக் காட்டவில்லை. செயல் முழுமையடைவதைக் காட்டுகிறது. ‘ஈட் அப்’ என்றால் மிச்சமின்றிச் சாப்பிடுவது. தமிழில் ‘சாப்பிட்டுவிடு’ என்பதிலுள்ள ‘விடு’ என்ற துணைவினையும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

இனி ‘கிவ் அப்’ என்பதன் பொருள்களைப் பார்ப்போம்.

முதலாவது, பழக்கத்தை நிறுத்துதல். ‘ஹீ கேவ் அப் ஸ்மோக்கிங்’ – புகைப்பதை விட்டுவிட்டார். ‘ஸ்டொப்’, ‘குவிட்’ என்பன ஒத்த சொற்கள். இங்கே பின்னால் வரும் வினை ‘இங்’ என்றே முடியும். ‘கிவ் அப் டு ஸ்மோக்’ என்று நம் பிள்ளைகள் எழுதுவது பிழை.

இரண்டாவது, முயற்சியைக் கைவிடுதல். விடுகதை போட்டால், விடை தெரியாத பிள்ளை “எனக்கு ஏலா, நீங்களே சொல்லுங்க” என்கிறதே, ஆங்கிலப் பிள்ளை அந்த இடத்தில் ‘ஐ கிவ் அப்’ என்னும்.

மூன்றாவது, விட்டுக்கொடுத்தல். பஸ்ஸில் வயோதிபருக்கு இருக்கையைக் கொடுப்பது இவ்வகை. நம் ‘விட்டுக்கொடு’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு ‘கொடு’ இருப்பதைக் கவனியுங்கள்.

நான்காவது, சரணடைதல். தேடப்படும் ஒருவர் பொலிஸில் தானே ஆஜரானால் ‘ஹீ கேவ் ஹிம்செல்ஃப் அப்’. ஒத்த சொல் ‘சரண்டர்’.

ஐந்தாவது, துறத்தல். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் மன்னர், தாம் விரும்பிய பெண்ணை மணப்பதற்காக முடியைத் துறந்தார். பேச்சில் ‘கேவ் அப் த த்ரோன்’ என்பதை ஏட்டில் ‘அப்டிகேட்’ என்பர். உரிமை, பதவி ஆகியவற்றுக்கு ‘ரிலிங்குவிஷ்’, ‘ரினௌன்ஸ்’ என்பன வரும்.

ஆறாவது, நம்பிக்கை இழத்தல். ஓர் ஆளையோ அமைப்பையோ இனித் தேறாது என்று விடுவது. இதற்குத்தான் ‘கிவ் அப் ஒன்’. வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்கிறோமே, அந்தக் கைவிரிப்பு. நான் சேர்த்த ‘ஒன்’, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கைவிரித்ததாக ஆக்கிவிட்டது.

ஒத்த சொற்கள் என்றாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைக்க முடியாது. ‘கிவ்’, ‘அப்’ இரண்டும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள். ‘சரண்டர்’, ‘அபேன்டன்’ என்பன பிரெஞ்சு வழியாகவும் ‘அப்டிகேட்’, ‘ரிலிங்குவிஷ்’ என்பன இலத்தீன் வேரிலிருந்தும் வந்தவை. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றிலும் பிரெஞ்சு கோலோச்சியதால், வந்த சொல் ஏட்டுக்கும் சொந்தச் சொல் வீட்டுக்கும் என்ற பிரிவு பெருமளவு நிலைத்துவிட்டது. ‘அபேன்டன்’ என்பதில் பொறுப்பைத் தட்டிக்கழித்த சாயலும் உண்டு. அச்சொல்லைக் கடிதங்களில் அவதானமாகவே கையாள வேண்டும்.

இன்னுமொன்று: ‘இட்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும். ‘கிவ் இட் அப்’ சரி. ‘கிவ் அப் இட்’ பிழை.

அந்தக் கடிதத்துக்கு வருவோம். ‘ஐ ஹேட் டு கிவ் அப் ஸ்கூல் ஃபோர் அ இயர்’ என்று எழுதியிருந்தால் போதும். அந்த ‘ஹேட் டு’தான் அவள் சொன்ன ‘விட வேண்டி வந்திச்சி’. கட்டாயம், இழப்பு, திரும்பி வரும் எண்ணம் எல்லாம் அவளுடைய பேச்சுத் தமிழிலேயே இருந்தன. திருத்துவதற்கு முன் “நீ என்ன சொல்ல வாராய் புள்ள?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் விளங்கியிருக்கும்.

ஊரவர் சிலரின் உதவியோடு அவள் உயர்தரம் படித்தாள். அடுத்த வருடம் வேறோர் இடத்துக்கு விண்ணப்பம் எழுதியபோதும் என்னிடம்தான் கொண்டுவந்தாள். இம்முறை பேனையை எடுக்காமல், முதலில் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.