மாத அறிக்கையும் நொய்யலாறும்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சென்று காவிரியிற் கலக்கும் நொய்யலாற்றை நம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். அவ்வாற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அண்மையில், ஒரத்துப்பாளையம் அணை 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. கீழ்ப்பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதற்கென்றே எழுந்த அணை அது. ஆனால், பனியன் தொழில் பெருகப் பெருகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர் ஆற்றில் இறங்கி, அணையிலே வந்து தேங்கிற்று. பயிருக்கென்று தேக்கிய நீரைப் பயிருக்கு விட அஞ்சும் நிலை உண்டாயிற்று. கிணறுகளும் உப்பேறின.

இதன் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 2003-இல் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2006 டிசம்பரில் அந்நீதிமன்றமும், 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், கழிவு நீரை ஒரு துளியும் வெளியே விடலாகாது என்னும் நிலையை வற்புறுத்தின. அது நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரி 28-ஆம் நாள், சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றுவிட்டன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துன்பமும் சிறிதன்று. பின்னர், நீரைத் தூய்மை செய்து மீண்டும் பட்டறைக்கே அனுப்பும் முறையை ஏற்ற நிலையங்கள் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

இத்துணைப் பெரிய வழக்குக்கும் இக்கட்டுரையின் தலைப்பில் உள்ள மாத அறிக்கைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. கழிவு வெளியேறவில்லை என்பதை ஆற்றங்கரையில் நின்று கண்ணாற் கண்டு உறுதி செய்தல் அரிது. இரவும் உண்டு, மழையும் உண்டு. ஆகவே எண்களைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் பெருந்தொழிற்சாலைகளிலும் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்துமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் பணித்ததும் இதற்காகவே.

நிலையத்தின் வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். பருத்தித் துணியிற் சாயம் பிடிப்பதற்கு உப்பு வேண்டும். சாயம் துணியில் ஏறிவிடும். உப்போ பெரும்பாலும் நீரிலேயே நின்றுவிடும். உழவர்க்குப் பகை இவ்வுப்பே. நிலையத்துக்கு வரும் நீரில் முதலிற் சாயமும் அழுக்கும் நீக்கப்படுகின்றன. பின்பு, நம் ஊர்களிற் குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. பொறியைப் போன்ற, ஆனால் மிகப் பெரியதான பொறியில் செலுத்தப்படுகிறது. பெரும்பகுதி நல்ல நீராகப் பட்டறைக்குத் திரும்பும். எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சிச் சுண்டவைக்கிறார்கள். பயன்படும் உப்புக் கரைசல் மறுபடியும் சாயத் தொட்டிக்குப் போகிறது. பயன்படாத கலப்பு உப்பும் சேறும் காப்பிடத்தில் வைக்கப்படுகின்றன. காய்ச்சுவதற்கு எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. செலவு மிகுந்த இவ்விடத்திலேதான் தவறு செய்யும் ஆசையும் தோன்றக்கூடும் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

இனி அறிக்கையைப் பார்ப்போம். நீருக்கும் நெல்லுக்குப் போலவே வரவு செலவுக் கணக்கு உண்டு. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கை நாமே அமைத்துக் காட்டுகிறோம். மாதத் தொடக்கத்தில் தொட்டிகளில் இருப்பு 20 லட்சம் லிட்டர். மாதத்தில் வந்தது 900 லட்சம். ஆக 920 லட்சம். நல்ல நீராகத் திருப்பியனுப்பியது 810 லட்சம். உப்புக் கரைசலாகத் திருப்பியது 40 லட்சம். ஆவியாகவும் சேற்றின் ஈரமாகவும் போனது 30 லட்சம். அப்படியானால் மாத முடிவில் இருப்பு 40 லட்சம் இருந்தாக வேண்டும். தொட்டியில் 20 லட்சமே இருக்குமாயின், மற்ற 20 லட்சம் லிட்டர் எங்கே போயிற்று என்று கேட்கப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவருக்குப் பொறியியற் படிப்பு வேண்டியதில்லை.

கேள்வி எழாமற் போவதற்குக் காரணம், பெரும்பாலும் அறிக்கையின் உருவம் மாதத்துக்கு மாதம் மாறுவதேயாகும். மூன்று ஷிப்டில் மூவர் குறிப்பெழுதுகிறார்கள். ஒருவர் லிட்டரிலும் இன்னொருவர் கன மீட்டரிலும் எழுதுவர். டி.டி.எஸ். என்னும் கரைந்த உப்பின் அளவை ஒரு மாதம் நாட்சராசரியாகவும், மறு மாதம் ஒரே மாதிரியின் அளவாகவும் தருவர். தொடக்க இருப்பு ஒரு மாதம் இருக்கும். அடுத்த மாதம் இராது. இவற்றிற் பொய் ஒன்றும் இல்லாமலிருக்கலாம்; ஆயினும் இரண்டு மாதங்களைப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்க முடியாது. அவ்வாறு பார்க்க முடியாத அறிக்கை உழவர்க்கு ஒன்றுக்கும் உதவாது.

இவ்விடத்திலேதான் செயற்கை நுண்ணறிவு உதவக்கூடும் என்று நாம் கருதுகிறோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், நாம் எழுதிக் கேட்டதற்கு மனிதர் எழுதியது போலவே விடை எழுதும் பொறிகள் பரவியுள்ளன. அளவற்ற நூல்களையும் எழுத்துகளையும் படிப்பித்து, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரும் என்று கணிக்கப் பழக்கப்பட்டவை அவை. சொற்களைக் கோத்துத் தருவதில் வல்லவை. ஆற்றங்கரைக்குச் சென்று பார்த்து வந்தவை அல்ல. இவ்வேற்றுமையை மறந்தால் மோசம் போவோம்.

நாம் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒரு மாதக் குறிப்பேட்டை மாதிரியாக எழுதி, அளவுக்கருவி பழுதென்று மூன்று நாட்களுக்கு இடத்தை வெறுமையாக விட்டு, மாத அறிக்கை எழுதும்படி பொறியிடம் கொடுத்தோம். அழகான அறிக்கை வந்தது. முப்பது நாட்களுக்கும் கணக்குக் காட்டியிருந்தது! வெறுமையான மூன்று நாட்களுக்கும் சராசரியைத் தானே இட்டு நிரப்பி, ‘நிலையத்தின் செயற்பாடு திருப்திகரமாக இருந்தது’ என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தது. திருப்தி அடைந்தது யார் என்று நமக்கு விளங்கவில்லை. கசிவு ஏற்பட்டிருக்கக்கூடிய நாட்கள் அம்மூன்றுமே ஆகலாமன்றோ?

மறுமுறை கட்டளையைத் திருத்தினோம். தலைப்புகள் இவை, இவ்வரிசையிலேயே இருத்தல் வேண்டும். அளவு யாவும் லட்சம் லிட்டரில். குறிப்பேட்டில் இல்லாத எண்ணை எழுதாதே, ‘பதிவு இல்லை’ என்று எழுது. நன்று, தீது என்று கூறாதே. சென்ற மாதத்தினின்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறியவற்றை மட்டும் தனியே காட்டு என்றோம். கூட்டல், கழித்தலை அதனிடம் விடாமல் கணினியின் கணக்குத் தாளிலேயே செய்து, விடைகளை மட்டும் கொடுத்தோம்; இப்பொறிகள் கணக்கிற் சில வேளை தவறுவதுண்டு. இம்முறை வந்த அறிக்கை சுவையற்றதாக இருந்தது. ஆனால் மூன்று நாள் இடைவெளி முதற் பக்கத்திலேயே கண்ணிற் பட்டது. இக்கட்டளையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மாதந்தோறும் அப்படியே கொடுத்தல் வேண்டும். ஆள் மாறினாலும் அறிக்கை மாறாமல் இருப்பதற்கு அதுவே வழி. வந்ததை ஒருவர் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத் தம் கையொப்பம் இட வேண்டும். பிழைக்குப் பொறி பொறுப்பேற்காது.

நிலையத்தார் செய்வது ஒருபுறம் இருக்கட்டும். ஆற்றோரப் பஞ்சாயத்துகளும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். சட்டைப் பையில் அடங்கும் டி.டி.எஸ். அளவி கடைகளிற் கிடைக்கிறது. ஊரில் ஐந்தாறு கிணறுகளையும் ஆற்றில் ஓரிடத்தையும் தேர்ந்து, மாதந்தோறும் ஒரே தேதியில், ஒரே ஆழத்தில் நீர் எடுத்து அளந்து எழுதி வரலாம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிடத்து 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இவ்வளவிகளை அவ்வப்போது ஆய்வுக்கூடத்தில் ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை எந்த உப்பு என்று சொல்லமாட்டா. மழை பெய்த நாட்களையும் பக்கத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் மழையால் உப்புக் குறைந்ததா, கழிவு நின்றதால் குறைந்ததா என்று பிரித்தறிய இயலாது. கிணற்றுக்கு எண் இட்டால் போதும். உரிமையாளர் பெயரையும் கைபேசி எண்ணையும் பொறிக்குக் கொடுக்க வேண்டுவதில்லை.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிற் கூடுகிறது. அக்கூட்டங்களில் கிணற்று அறிக்கையையும், கேட்டுப் பெற்ற நிலைய அறிக்கையையும் சேர்த்துப் படிக்கலாம். தமிழிலேயே எழுதித் தரும்படி பொறியைக் கேட்கலாம்; ஆயினும் தொழிற்சொற்களில் அது சில வேளை நூல்வழக்கை எழுதும். சாயப்பட்டறை என்று ஊரார் சொல்லுவதை அவ்வாறே திருத்திக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் படிக்கும் அறிக்கையில், மாத முடிவின் தொட்டி இருப்பு என்னும் வரியை உறுப்பினர்கள் முதலிற் பார்ப்பார்களாக. தொட்டிகள் நிரம்பி வழிய வாய்ப்புள்ள காலம் அதுவே.