பதிவேட்டில் ஒரு பெயர்

கல்லூரி வாசல் – 9

சென்ற வாரம் மாணவர் விடுதிகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி என்று இரண்டோடு நிறுத்திவிட்டீர்களே, திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருக்கும் மாணவர் எங்கே தங்குவார்?' என்று ஒரு வாசகர் தபால் அட்டையில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, என் எழுத்திலிருந்த குறையைச் சுட்டும் கேள்வியும்கூட. ஆயினும் அந்த மாணவர் விடுதி வரை வந்து சேர்வதற்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தின் கம்பி ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது; முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்த எனக்கு, பலருடைய பிரயாணம் அந்த ஜன்னலோடு முடிந்துவிடுவதாகவே தோன்றுகிறபடியால், முதலில் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் பிறகு விடுதிக்குப் போகலாம்.

சட்டம் வாசலைத் திறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15ஆம் தேதியன்று திருநங்கையருக்கென்று நல வாரியம் அமைந்தது. அதே வருஷத்தில் அரசு கலைக் கல்லூரிகளின் விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டமும் முளைத்தது. சரியாக ஆறு வருஷம் கழித்து, 2014இல், அதே ஏப்ரல் 15ஆம் தேதியன்று, உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் நால்சா வழக்கில் தீர்ப்பளித்து, ஒருவர் தம் பாலினம் இன்னதென்று தாமே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமை உடையவர் என்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது முறையன்று என்றும் ஸ்தாபித்தார்கள். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு இந்தியா முழுவதும் 4,87,803 பேரையும், தமிழ்நாட்டில் 22,364 பேரையும் இந்த இனத்தில் எண்ணியது. அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 56 பேர்தாம். கல்லூரியில் இடஒதுக்கீடு எந்த வகையில் தரப்படவேண்டும், தலித் குடும்பத்தில் பிறந்த திருநங்கை ஒருவரைப் பிற்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிட்டால் அவர் பிறப்பினால் பெற்ற உரிமை என்னாவது என்று திருநங்கையர் உரிமைக்காகப் போராடும் கிரேஸ் பானு போன்றவர்கள் எழுப்பிவரும் வழக்கு பெரிய வழக்கு. அதற்குத் தனியே ஒரு வாரம் வேண்டும்.

கட்டம் என்று சொன்னேன். தமிழ் வாத்தியாரின் புத்தி அங்கிருந்து இலக்கணத்துக்குத்தானே ஓடும்? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், உயர்திணைக்கு உரிய பால்களை வகுத்த கையோடு, ஆண்தன்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களை மறவாமல் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணையின் ஈறுகளையே அவை பெற்று வரும் என்று விதிக்கிறார். அதுவும் தெய்வங்களின் பெயர்களோடு சேர்த்து ஒரே சூத்திரத்தில். தனிக் கட்டம் தரவில்லையே என்று அவரைக் குறைகூறுவோர் கூறட்டும். உயர்திணைக்குள்தான் வைத்தார் என்பதை நான் பல வருஷம் வகுப்பில் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குத் திரும்பியதும், தெருவில் கைதட்டிக் காசு கேட்டவர்களைப் பற்றிச் சகாக்கள் அடித்த ஹாஸ்யத்துக்கு நானும் சிரித்திருக்கிறேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

2022ஆம் வருஷத்துச் சேர்க்கையின்போது, நான் வேலை பார்த்த கல்லூரியின் அலுவலகத்தில், சான்றிதழ் சரிபார்க்கும் குழுவில் என்னையும் உட்கார்த்தியிருந்தார்கள். பி.ஏ. தமிழ் இலக்கியத்துக்கு விண்ணப்பித்திருந்த ஒருவர், பச்சை நிறச் சுடிதாரும், எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய தலைமயிருமாக வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே இருந்த எழுத்தர் கெட்டவர் அல்லர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தம் பையிலிருந்து ஜெராக்ஸ் செலவு கொடுக்கிறவர். ஆனால் கையிலிருந்த ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் ஓர் ஆண்பிள்ளையின் பெயரையும், எதிரே ஒரு பெண்ணின் முகத்தையும் கண்டவுடன், 'தம்பி' என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'ஏம்மா' என்பதும் வராமல், கடைசியில் விளிச்சொல்லையே விட்டொழித்து, "இங்க கையெழுத்துப் போடணும், போட்டோ ஒட்டணும்" என்று எழுவாயில்லாத வாக்கியங்களாகவே பேசத் தொடங்கிவிட்டார்.

"சார், பேரு மாத்தியாச்சு. கெஜட் இருக்கு, கலெக்டர் ஆபீஸ் சர்டிஃபிகேட்டும் இருக்கு."

"டி.சி.யில வேற பேர் இருக்கே. ஸ்கூல்ல மாத்தி வாங்கிட்டு வந்தா இங்க மாத்திடலாம்."

"ஸ்கூல்ல கேட்டேன் சார். மார்க் ஷீட்ல மாத்தினாத்தான் டி.சி.யில மாத்துவோம்னு சொல்றாங்க."

மதிப்பெண் பட்டியலை அச்சிட்டுத் தந்த அலுவலகமோ பிறப்புச் சான்றிதழில் முதலில் மாற்றச் சொல்லியிருந்தது. அந்தச் சான்றிதழ் வீட்டில், தகப்பனாரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அந்த வீட்டுக்குள் இவர் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செக்குமாடு சுற்றுகிற இந்த வட்டத்தை வெட்டுவதற்கென்றே 2019ஆம் வருஷத்து மத்தியச் சட்டமும், அதன்கீழ் 2020இல் வந்த விதிகளும் இருக்கின்றன: மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழைக் காட்டி விண்ணப்பித்தால், எந்த அலுவலகம் எந்த ஆவணத்தை வழங்கியதோ அந்த அலுவலகம் 15 நாளுக்குள் பெயரையும் பாலினத்தையும் திருத்தித் தரவேண்டும். கல்விச் சான்றிதழ்களும் அதில் அடக்கம். ஒரு திருத்தம் இன்னொரு திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. இந்த விஷயம் அன்று அந்த எழுத்தருக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழுவில் வீற்றிருந்த பேராசிரியர்கள் நால்வருக்கும் தெரியாது. பழைய பெயரிலேயே சேர்த்துக்கொள்வது, பின்னால் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு நாங்கள் காபி குடித்தோம்.

அந்த உபகாரத்தின் லட்சணம் வகுப்பு தொடங்கிய முதல் நாளே தெரிந்தது. அலுவலகத்திலிருந்து வந்த நாமினல் ரோலைப் பார்த்து நான் வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்து, இருபத்துமூன்றாம் எண்ணில் அந்தப் பெயரையும் கூப்பிட்டேன். மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தது. அறுபது தலைகள் ஏககாலத்தில் திரும்பின. ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து பீரியட், வாரத்துக்கு ஐந்து நாள், அவர் யாரல்லவோ அவராகத் தம்மை ஒப்புக்கொண்டால்தான் அவருக்கு வருகை உண்டு என்று ஏற்படுத்திவிட்டோம். அன்று மாலை என் பதிவேட்டில் அச்சுப் பெயருக்குமேல் அவருடைய பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டேன். மற்ற ஆசிரியர்களில் இருவர் அவ்வாறே செய்தார்கள். ஒருவர் எண்ணை மட்டும் கூப்பிட்டு நழுவினார். இன்னொருவர், ரிக்கார்டில் உள்ளதைத்தான் வாசிப்பேன் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். கல்வி நிலையம் ஒவ்வொன்றிலும் இத்தகைய மாணவர்களின் முறையீட்டைக் கேட்க ஒரு குழு வேண்டும் என்று விதித்த 2020ஆம் வருஷத்து விதிகள், துன்புறுத்துகிறவர்கள் என்ற கணக்கில் ஆசிரியர்களையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கின்றன. எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தாம்.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். அந்த மாணவர் விடுதியில் தங்கவில்லை. பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி, தம்மை மகளாக ஏற்றுக்கொண்ட ஒரு திருநங்கையின் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோனார். காலையில் கிளம்பியதிலிருந்து மாலை வீடு திரும்பும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்று பிற்பாடு சொன்னார். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கல்லூரியில் இருந்த கழிப்பறைகளும் இரண்டே வகைதாம். 2021 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில் பிறப்பித்த உத்தரவில் பள்ளி கல்லூரிகளுக்கென்றே சொன்னவற்றில் பொதுவான கழிப்பறையும் ஒன்று, கல்விச் சான்றிதழில் பெயர் மாற்றமும் ஒன்று. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2018லேயே, பால்பேதமின்றி எவரும் தங்கக்கூடிய விடுதிப் பகுதி ஒன்றை ஒதுக்கிவிட்டது. ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகமும் பிறகு அதே வழியில் போயிற்று. மாளிகை கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை; உள்ளே தாழ்ப்பாள் விழுகிற கதவோடு ஒற்றை அறைகள் நான்கைந்து இருந்தால், அவற்றைக் கேட்டு வருகிறவர்களில் மற்ற மாணவர்களும் இருப்பார்கள். கட்டணத்தைப் பற்றிய கவலையும் இப்போது குறைந்திருக்கிறது: உயர்கல்வி பயிலும் இவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024ஆம் வருஷத்துத் தமிழ்நாடு பட்ஜெட் சொன்னது. பணம் வந்துவிட்டது; அறைதான் வரவேண்டும்.

எங்கள் எழுத்தரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது அதர்மம். விதிகளின் நகல் ஒன்றை யாரோ கொண்டுவந்து கொடுத்ததும், அவர் அதை இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, தேவையான இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டு, பள்ளிக்கும், மதிப்பெண் பட்டியல் வழங்கிய அலுவலகத்துக்கும், பல்கலைக்கழகத்துக்கும் முதல்வரின் கையொப்பத்தோடு தனித்தனிக் கடிதம் தயாரித்தார். பதினைந்து நாள் என்பது பதினொரு மாதம் ஆயிற்று. இதற்கிடையே அவருக்கு அந்த மாணவரை 'என்னம்மா' என்று கூப்பிடப் பழகிவிட்டது. எழுவாய் திரும்ப வந்துவிட்டது.

மூன்றாம் பருவத்தின் முதல் வாரத்தில் புதிய நாமினல் ரோல் வந்தது. இருபத்துமூன்றாம் எண்ணுக்கு நேரே, நான் பென்சிலால் எழுதிவைத்திருந்த பெயர் அச்சில் இருந்தது. சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, அவசியமில்லாத உரத்த குரலில் அதைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கல்லூரிக் கணக்கில் புதிய பெயரும் பாங்க் பாஸ்புத்தகத்தில் பழைய பெயருமாக ஆகிவிட்டபடியால் உதவித்தொகை திரும்பிப் போய்விட்டதென்றும், அதைச் சரிசெய்யக் காலையிலேயே பாங்க்குக்குப் போயிருக்கிறார் என்றும் பக்கத்துப் பெஞ்சு மாணவி எழுந்து சொன்னார். அச்சில் வந்த அந்தப் பெயருக்கு நேரே நான் இட்ட முதல் குறி, வரவில்லை என்பதுதான்.