நுங்கம்பாக்கத்தில் கைநழுவிய வால்நட்சத்திரம்

1872 நவம்பர் 27 இரவு, ஐரோப்பிய வானில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. இருபது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத பீலா வால்நட்சத்திரம்தான் பூமியை உரசிச் செல்கிறது என்று முடிவுகட்டினார் ஜெர்மனி வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ். உரசிய கையோடு அது தென்வானுக்குப் போயிருக்கும். தேடுவதற்குத் தோதான இடம் மதராஸ். நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்குத் தந்தி பறந்தது.

அங்கே கார்த்திகை அடைமழை. வானாய்வகத்தின் வானியலாளர் நார்மன் போக்சன் மேகம் விலகக் காத்திருந்தார். டிசம்பர் 2 விடியலுக்கு முன், தந்தி சொன்ன பக்கத்திலேயே ஒரு வால்நட்சத்திரம்! மறுநாள் வாலோடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் மூடிய வானம் திறக்கவே இல்லை.

கணக்குப் போட்டபோதுதான் இடித்தது. பீலா அந்தப் பக்கத்தைப் பல வாரங்களுக்கு முன்பே கடந்திருக்க வேண்டும். போக்சன் பார்த்தது வேறொன்று. எது? சொல்ல வழியில்லை. பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று பதிவுகள் வேண்டும், இருந்தவை இரண்டு. பாதை தெரியாத வால்நட்சத்திரங்களுக்குரிய ‘எக்ஸ்’ வரிசையில்தான் இன்றும் அது இருக்கிறது.

அதே வானாய்வகத்தில் 1855-இல் வில்லியம் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் ஓட்டத்தில் ஒரு பிசகைக் கண்டு, அங்கே கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். அந்தக் கோளும் நிலைக்கவில்லை.

இருவரும் தங்கள் அளவீடுகளை அப்படியே அச்சிட்டார்கள். அதனால்தான் அடுத்தவரால் சரிபார்க்க முடிந்தது. நம் பள்ளிப் பாடங்களில் விடுபட்டுப்போவது இந்தச் சரிபார்க்கும் பழக்கம்தான். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே வரிசையில் நின்றது. கரண்டி விளிம்பிலிருந்து பாலை இழுப்பது பரப்பு இழுவிசை. பாலில் சாயம் கலந்து ஊட்டியபோது அது சிலைமேல் மெல்லிய படலமாக வழிவது பளிச்சென்று தெரிந்தது. அந்த வரிசையில் நின்ற படித்தவர்களில் எத்தனையோ பேர் பரப்பு இழுவிசைக்கு வரையறை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். சந்தேகப்பட மட்டும் யாரும் பழக்கவில்லை. இன்று வாட்ஸ்அப்பில் வரும் மருந்துக் குறிப்புகளை அவர்கள் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்களே என்பதுதான் கவலை.

அறிவியலாளர்களின் இத்தகைய பிழைகளைச் சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் குழம்புவார்கள் என்பாரும் உண்டு. குழம்பட்டும்.

பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. தி.நகர், மயிலாப்பூர் பள்ளிகளுக்கு அது கூப்பிடு தூரம். மாணவர்களை அங்கே அழைத்துப்போய், போக்சனின் இரண்டு பதிவுகளையும் கையில் கொடுத்து, இதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கேட்கலாமே.