எலிக்கு உங்கள் கை வாசனை தெரியுமா?

ராயபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு எலியின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கப்பல் துறைமுகம், மறு பக்கம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். எலிக்கு வேறென்ன வேண்டும்? "தொட்ட கையின் வாசனை தெரிந்துதான் பொறிக்குள் வருவதில்லை" என்று, பொறியை வெந்நீர் ஊற்றிக் கழுவும் சகோதரிகள் உண்டு.

வேட்டைக்காரர்களுக்கும் இதே கவலைதான். மான் மோப்பம் பிடித்துவிடாமல் இருக்க, எதிர்க்காற்றில் நடந்துதான் அதை நெருங்குவார்கள்.

ஆனால் வீட்டு எலி மானல்லவே! அரிசி டப்பா முதல் அம்மி வரை உங்கள் கை வாசனைதான். அதிலேயே பிறந்து வளர்ந்தது அது. அது அஞ்சுவது புதுப் பொருளுக்கு. நேற்று இல்லாத பொறி இன்று சுவரோரம் இருந்தால், சில நாள் ஒதுங்கியே போகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்போர்டில் எலிகளை ஆராய்ந்தவர்கள், முதலில் விஷமில்லாத இரையைத் தின்னப் பழக்கிவிட்டு, பிறகே விஷம் வைத்தார்கள். நீங்களும் எலிக்கூண்டின் கதவைத் திறந்தபடியே கட்டி, நாலைந்து நாள் கருவாட்டுத் துண்டு வையுங்கள். தின்று பழகட்டும்! அப்புறம் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

கையுறை மட்டும் அவசியம். எலியை ஏமாற்ற அல்ல. அதன் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். உள்ளே நுழைய, விரலில் ஒரு சின்னக் கீறல் போதும் அதற்கு.